முக்கால் மணித்தியாலக் கனடா

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால் "தாராளமா எழுதுங்கோ அன்ரி" என்றுதான் சொல்லுவாள். ஆனால் அதற்கு முன்னர் முழுவதையும் தனக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்டச் சொல்லுவாள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் ஊரில் எங்களுடைய சனம் என் முதுகுக்குப் பின்னால் என்னை "ரேடியோ" என்று சொல்லும். அது எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை யாரோடு திரிகிறது, யாருக்கு வேலை போனது, எல்லாம் முதலில் என் காதுக்கு வந்துதான் மற்றக் காதுகளுக்குப் போகும். அப்படிப்பட்ட நான் பயந்தது ஒரே ஒரு பெட்டைக்கு.

அவள் பாட்டுக்காரி. கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடுகிற ஆள் இல்லை. தானே எழுதித் தானே கிற்றார் அடித்துப் பாடுவாள், அநேகமாக இங்கிலிசிலும் டேனிஷிலும். என்ன வகைப் பாட்டு என்று கேட்டபோது "ஆல்ட் கன்ட்ரி" என்றாள். டேனிஷில் ஆல்ட் என்றால் எல்லாம். பெட்டை எல்லா நாட்டுப் பாட்டும் பாடுதாம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அது வேறு ஆல்ட் என்று ஒரு மாதம் கழித்துத் திருத்தினாள். அமெரிக்காவில் லொறி ஓட்டுகிறவர்களும் பண்ணைக்காரரும் கேட்கிற பாட்டுகளின் சொந்தக்காரப் பாட்டாம், கொஞ்சம் கரடுமுரடான சொந்தக்காரன். குரலும் அப்படித்தான், தடிமன் பிடித்த குரல். முதல்தரம் கேட்டபோது இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

நான் அவளுக்குச் சாரதியானது தற்செயல். அவளின் தாயும் நானும் பின்னலாடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மெசினில் தைத்தவர்கள். எனக்குத் தோள்மூட்டுப் போய் வேலையை விட்டேன். பிள்ளைகள் இரண்டும் கொப்பன்ஹேகனுக்குப் போய்விட்டதுகள். கையில் கார் இருந்தது, பொழுது இருந்தது, வாயும் இருந்தது. அவள் கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் தவறியவள். இரண்டாம் தரம் பரீட்சகர் ஒரு பிழையைச் சொல்ல, "நீங்கள் சொல்றது உண்மையில்லை" என்று இறங்கி நின்று வாதாடினாளாம். சில்க்போர்க்குக்கும் ஹேர்னிங்குக்கும் கச்சேரிகளுக்கு நான்தான் ஏற்றிப் போனேன். பின் ஆசனத்தில் கிற்றாருக்கு பெல்ட் போட்டு இருத்துவாள். தகப்பனின் பழைய வேலைச் சட்டையைத்தான் மேலே போட்டிருப்பாள், மழையோ பனியோ.

அவளுடைய பாட்டெல்லாம் அவளின் வீட்டுச் சண்டைதான். தகப்பன், தாய், சித்தப்பா, ஒருவரையும் விட்டதில்லை. எங்களுடைய ஆட்கள் வீட்டுக்குள் நடந்ததைப் படலைக்கு வெளியே விடாதவர்கள். இவள் மேடையில் வைத்துப் பாடுகிறாள். ஆனால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாரைப்பற்றிப் பாட்டோ, அவருக்கு முன்னால் இருந்து முதலில் பாடுவாள். அவர் கேட்டபிறகுதான் மேடை.

"முகத்துக்கு முன்னாலை பாடாதது பாட்டில்லை அன்ரி. கோள்" என்றாள் ஒருநாள், சில்க்போர்க்கில் இருந்து திரும்புகிற வழியில். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்குக் காது சுட்டது.

அந்தச் சட்டம் எப்படி வந்ததென்று தாய் சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சின்னதில் தகப்பன் பெல்ட்டால் அடித்ததைப்பற்றி ஒரு பாட்டெழுதினாள். அந்த மனிசன் கூடாத மனிசன் இல்லை. இரவுவேலை, நித்திரை இல்லை, பாசை தெரியாத நாட்டில் எல்லாருக்கும் தலையாட்டித் தலையாட்டி வீட்டுக்கு வந்து கையை நீட்டின ஆள். அதற்காக அடி அடியில்லை என்று ஆகாதுதானே. அவள் தகப்பனைக் கதிரையில் இருத்தி முன்னால் நிலத்தில் இருந்து பாடினாள். பாட்டு இங்கிலிஸ். தகப்பனுக்குப் பாதிதான் விளங்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தித் தமிழில் சொன்னாளாம். தாய் குசினிக்குள் நின்று செபமாலையை உருட்டினார். இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு உயிர் போகும் என்றுதான் நினைத்தாராம்.

பாட்டு முடிய அவர் எழும்பி பல்கனிக்குப் போய் ஒரு சிகரெட் முழுவதும் குடித்தார். உள்ளே வந்து, "பெல்ட் கறுப்பில்லை. மண்ணிறம்" என்றார்.

அவள் பேனையை எடுத்துக் கறுப்பை வெட்டி மண்ணிறம் என்று எழுதினாள். அவ்வளவுதான். அதற்குப்பிறகு தகப்பனும் மகளும் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. ஆனால் அவளுடைய கச்சேரி நாட்களில் ஒலிபெருக்கிப் பெட்டியை மாடியில் இருந்து இறக்கிக் காருக்குக் கொண்டுவந்து வைக்கிறவர் அவர்தான். சாகும் வருடம் வரைக்கும் தூக்கினார்.

என்னையும் அவள் விடவில்லை. ஒருநாள் என்னுடைய குசினியில் வந்திருந்து, "உங்களுக்கு ஒரு பாட்டிருக்கு" என்றாள். நாக்கைப்பற்றிய பாட்டு. ஒரு பொம்பிளையின் நாக்கு சைக்கிளில் ஏறி வீடுவீடாகப் போகிறதாம், மழை வந்தாலும் நிற்காதாம். மூன்று கிழமை நான் அவளுக்கு கார் ஓட்டவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. அவள் பேருந்தில் கிற்றாரோடு இடிபட்டுப் போனாள், மன்னிப்புக் கேட்கவில்லை. நாலாம் கிழமை நானே போனேன். "நான் சைக்கிள் ஓடுறேல்லை. கார்தான் ஓடுறனான்" என்றேன். திருத்திவிட்டாள். அந்தப் பாட்டை ஹேர்னிங்கில் பாடினபோது ஒரு டேனிஷ் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் தங்கச்சியோடு கதைக்காமல் விட்டது தன்னுடைய நாக்கால்தான் என்றார். இப்படி நிறையப் பேர் வருவார்கள். அவள் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லமாட்டாள். "எனக்குச் சொன்னதை அவவுக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்பாள். மருந்து கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழவி அடுத்த கச்சேரிக்குத் தங்கச்சியோடு வந்தார்.

ஒரே ஒரு ஆளைப்பற்றி மட்டும் அவளிடம் பாட்டே இல்லை. அண்ணன்.

அண்ணன் கனடாவில். அது இக்காஸ்டில் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வேலை, வேலை கூட, வரக் கிடைப்பதில்லை. பூசை முடிய யாராவது "மகன் எப்பிடி?" என்றால் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "இருக்கிறார், அங்கையும் சரியான பனியாம்" என்பார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை நான் போட்டேன். வீடு வாங்கிவிட்டான் என்றும் அது இரண்டு மாடி என்றும் நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. மெசினில் பக்கத்தில் இருந்து தைத்தவளின் பிள்ளை நல்லாயிருந்தால் எனக்கும் சந்தோசம்தானே, அந்தச் சந்தோசத்துக்கு ஒரு மாடி கட்டிவிட்டேன்.

பிறகு எங்களில் ஒரு குடும்பம் ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்குப் போகப் புறப்பட்டது. "மகனுக்கு ஏதும் குடுத்து விடுங்கோ" என்று வாசலில் வந்து நின்றார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தாய் அன்றைக்கு விடிய விடியப் பருத்தித்துறை வடை சுட்டார். மிளகாய்த்தூள் வேறு. பொதியில் அங்கேயிருக்கிற ஒரு மச்சானின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். மச்சான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "தம்பிக்கு வடை நல்லாப் பிடிச்சுது" என்று கொண்டுபோனவர்களுக்கே தொலைபேசி எடுத்துச் சொன்னானாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அந்த வடைக்கு இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்: "அன்ரி, ஹோர்சன்ஸுக்கு ஒருக்கா விடுவீங்களோ?" கிற்றாரையும் எடுத்தாள். கச்சேரி என்று நினைத்தேன். ஊருக்குள் போய் ஒரு மாடிக்கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். மண்டபம் மாதிரி இல்லை, விளம்பரமும் இல்லை. மணியை அடித்தாள். ஊழியர் ஒருவர் திறந்துவிட்டார். நடை முடிவில் ஒரு கதவைத் தட்ட, காலுறையோடு ஒரு ஆள் வந்து நின்றது. தாடி, உடம்பு போட்டிருந்தது, ஆனால் தாயின் அதே கண்.

கனடாவில் இருந்த ஆள் எனக்கு முன்னால் நின்று "ஹாய் அன்ரி" என்றான்.

அந்த இடத்துக்குப் போஸ்டெட் என்று பெயர். மனவருத்தம், அதாவது மனநோய், உள்ளவர்கள் ஊழியர்களின் பராமரிப்பில் ஆளுக்கொரு அறையில் இருக்கிற இடம். படித்துக்கொண்டிருந்தபோது தலைக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கியதாம். ஆஸ்பத்திரி, பிறகு வீடு, பிறகும் ஆஸ்பத்திரி. கடைசியில் இங்கே. ஆறு வருடமாக எங்களில் இருந்து முக்கால் மணித்தியாலத்தில் இருந்திருக்கிறான். நான் அவனுக்கு இரண்டு மாடி கட்டியிருக்கிறேன்.

"ஏன் பிள்ளை என்னைக் கூட்டிவந்தனி? என்ரை வாய் உனக்குத் தெரியாதே?" என்று நடையில் வைத்துக் கேட்டேன்.

"தெரியும். அதுதான். உங்களுக்கு முன்னாலை ஒளிக்காட்டி, வேற ஆருக்கு முன்னாலையும் ஒளிக்கத் தேவையில்லை" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அதோட எனக்குத் தனியத் தாங்கேலாமல் கிடக்கு அன்ரி" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அண்ணன் கட்டில் ஓரத்தில் இருந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் நிலத்தில் இருந்து பாடினாள். முதல்முறையாகத் தமிழில் எழுதியிருந்தாள். விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்றுதான். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது:

எங்கட கனடா முக்கால் மணித்தியாலம்
கடலும் இல்லை, பிளேனும் இல்லை
வழியிலை ரெண்டு பெற்றோல் செட்டு
ஒரு வட்டச் சந்தி, ஒரு குளம்.
ஆறு வருசம் அம்மா வரேல்லை
அண்ணா கதவைப் பாத்தபடி.

பாட்டு முடிந்தபோது அவனுடைய கால் ஆடவில்லை. எழும்பி யன்னலடியில் போய் நின்றான். "நான் கதவைப் பாக்கிறேல்லை. யன்னலைத்தான் பாக்கிறனான். பஸ் தெரியும்" என்றான். அவள் பேனையை எடுத்து எழுதினாள்.

"மற்றது, அம்மான்ரை வரி. அதை அம்மாட்டைக் கேள்" என்றான்.

"கேக்கத்தான் போறன்" என்றாள்.

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். பிறகு எனக்குக் கோப்பி வேணுமோ என்று கேட்டான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இக்காஸ்ட் கலாசார மண்டபத்தில் அவளைப் பாடக் கேட்டிருந்தார்கள், சொந்த ஊரில் முதல் கச்சேரி. சனிக்கிழமை பின்னேரம். எங்களுடைய ஆட்கள் எல்லாரும் வருவார்கள். இந்தப் பாட்டை அங்கேதான் பாடவேண்டும் என்று நின்றாள். வேறு ஊரில் பாடினால் அதுவும் ஒளிப்பதுதானாம். அதற்கு முன்னர் தாய் கேட்கவேண்டும். தாய் கேட்கமாட்டேன் என்கிறார்.

வாயால் சொல்லவில்லை. அவள் கிற்றாரை மடியில் வைத்தவுடன் குசினியில் புகை இழுக்கிற காற்றாடியைப் போட்டுவிடுவார். அந்த வீட்டுக் காற்றாடி ஆலை மெசின்போலச் சத்தம் போடும். அவள் காத்திருந்து பார்த்தாள், குரலை உயர்த்திப் பார்த்தாள். தாய் ஒரு கறியை மூன்று மணித்தியாலம் காய்ச்சினார். கோபம் வந்தால் அவள் டேனிஷுக்குத் தாவி "மோர்!" என்று கத்துவாள். அம்மா என்று அர்த்தம். தாய் திரும்பியும் பார்க்காமல், "மோர் பிரிட்ஜுக்குள்ளை இருக்கு, எடுத்துக் குடி" என்பார். நான் சிரித்துவிட்டு இருவரிடமும் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

சிரிக்கிற விசயம் அங்கே இருக்கவில்லை. தாய் என்னைத் தனியே பிடித்துக் கேட்டார்: "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. தமையனுக்கு விசர் எண்டு மண்டபத்திலை வைச்சுப் பாடினா இவளை ஆர் கலியாணம் செய்வினம்? விசர்க் குடும்பம் எண்டு ஒரு சொல் விழுந்தா அது எழும்புமோ?" எனக்குப் பதில் தெரியும். எழும்பாது. அப்படிச் சொற்களை விழுத்தினவர்களில் நானும் ஒருத்தி. மகள் என்னிடம், "அண்ணா உயிரோட இருக்கேக்கையே அவனைப் பிளேன் ஏத்திப்போட்டினம் அன்ரி" என்றாள். கச்சேரிக்கு ஆறு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கிற்றாரோடு வந்தாள். தாயின் கை வழக்கம்போலக் காற்றாடிக்குப் போனது. சத்தம் வரவில்லை. அவள் வரும்போதே நடையில் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். பிரிட்ஜின் சத்தமும் நின்றுபோயிருந்தது. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. எழும்பிப் போகலாமோ என்று பார்த்தேன், அவள் வாசலை மறித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பாடத் தொடங்கினாள். தாய் லீக்ஸை விடாமல் வெட்டினார். கறிக்குத் தேவையில்லாத அளவுக்கு வெட்டினார். பெற்றோல் செட்டு வந்தது, வட்டச் சந்தி வந்தது, குளம் வந்தது. "ஆறு வருசம் அம்மா வரேல்லை" என்ற இடத்தில் கத்தி நின்றது.

"பிழை" என்றார் தாய்.

அவள் நிறுத்தவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

"பிழை எண்டு சொல்லுறன். நிப்பாட்டு."

"என்ன பிழை?"

"நான் வியாழக்கிழமையிலை போறனான்."

அவளுடைய கை கம்பிகளில் அப்படியே இருந்தது. எனக்கும் விளங்க நேரம் எடுத்தது. வியாழக்கிழமைகளில் தாய் ஹேர்னிங்குக்குத் தோளுக்குப் பயிற்சி செய்யப் போகிறவர். அப்படித்தான் எனக்குச் சொன்னவர், அப்படித்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன்.

"முதல் மூண்டு மாதம் போகேல்லை. அது உண்மை. அந்த மூண்டு மாதத்தை வேணுமெண்டா எழுது. பிறகு நான் ஒரு வியாழனும் விட்டதில்லை. ரெயினிலை ஸ்கான்டர்போர்க் போய் மாறி, அங்கையிருந்து பஸ். போய் அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைச்சுவிடுவன். நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை. நாலு மணி பஸ்ஸிலை திரும்பிடுவன்."

"அண்ணா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சொல்ல வேண்டாம் எண்டனான். அங்கை வேலை செய்யிற ஆக்களுக்கும் சொல்லி வைச்சனான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்துற பிள்ளை."

"நீங்கள்? நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?" என்றார் தாய். "ஊரிலை உள்ள எல்லாரையும் கேக்கிறாய். ஒருநாள், அம்மா நீங்கள் அண்ணாவைப் போய்ப் பாக்கிறனீங்களோ எண்டு கேட்டனியோ? நீயாத்தானே வரேல்லை எண்டு எழுதினனி."

நான் அவளைப் பதில் இல்லாமல் கண்டது அன்றைக்குத்தான்.

தாய் கத்தியைக் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "கொப்பாவைப் பாடினாய். சித்தப்பாவைப் பாடினாய். உனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டாப் போகுது. இது ஒண்டாவது எனக்கெண்டு இருக்கட்டும் எண்டுதான் விட்டனான்."

அதைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லவேண்டும். முகத்துக்கு முன்னால் பாடுகிறேன் என்று பெருமையாகத் திரிந்தவள், அந்த முகத்தை ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லையே என்று. அதே நேரத்தில் அவள் நிலத்தில் இருந்த இருப்பைப் பார்க்க நெஞ்சு வெடித்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தால் அவள் கேட்டாள்: "சனிக்கிழமை இதைப் பாடலாமோ?"

"வேண்டாம்."

"சரி" என்றாள். வாதாடவில்லை. கிற்றாரை உறைக்குள் வைத்தாள். போய் மின்சாரத்தைப் போட்டாள். காற்றாடி சத்தத்தோடு தொடங்க, ஒருவரும் அதை நிறுத்த எழும்பவில்லை.

சனிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது கேட்டேன்: "பிள்ளை, அந்தப் பாட்டுக்குப் பதிலா வேறை என்ன பாடப்போறாய்?"

"ஒண்டும் பாடமாட்டன். அந்தப் பாட்டு நாலு நிமிசம். நாலு நிமிசம் சும்மா நிப்பன்."

"உனக்கென்ன விசரோ?" என்று வாயில் வந்துவிட்டது. இருவரும் அந்தச் சொல்லைக் கேட்டோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் டேனிஷ்காரர், நடுவிலும் பின்னாலும் எங்களுடைய சனம், வடை கொண்டுபோன குடும்பமும் வந்திருந்தது. தாய் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். விளக்கு மங்கும்போது வந்து மூன்றாம் வரிசை ஓரக் கதிரையில், மேலங்கியைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை.

பெல்ட் பாட்டைப் பாடினாள். என்னுடைய நாக்குப் பாட்டைப் பாடினாள், எங்களுடைய சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு டேனிஷில், "அடுத்தது ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பாட எனக்கு அனுமதி இல்லை" என்றாள். கிற்றாரைக் கீழே வைக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் நிமிடம் இருமல் கேட்டது. டேனிஷ்காரர் பொறுமையான சனம், இது கலையாக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய ஆட்கள் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். வரி மறந்துபோச்சுதோ? சுகமில்லையோ? என்னுடைய வாழ்நாளில் ஒரு விசயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அவள் தாயைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். மண்டபத்தின் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்குப் பின் வரிசையில் இருந்து ஒரு பொம்பிளை முன்னால் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்: "என்ன, பிள்ளைக்கு ஏதும் தலை சுகமில்லையோ?"

தாய் எழும்பினார். கைப்பை நிலத்தில் விழுந்தது, எடுக்கவில்லை. கேட்டவருக்குச் சொல்கிற மாதிரித்தான் தொடங்கினார், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. என்ரை மகனுக்குத்தான் சுகமில்லை. அவர் கனடாவிலை இல்லை. ஒருநாளும் போனதும் இல்லை. ஹோர்சன்ஸிலை இருக்கிறார். மனவருத்தம். ஆறு வருசமா உங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

டேனிஷ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. பக்கத்துக் கதிரைப் பொம்பிளை என் தோளைத் தட்டி "உமக்குத் தெரியுமோ?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். மேலே ஒரு சொல் சொல்லவில்லை.

தாயின் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டு மேடையைப் பார்த்து, "இனிப் பாடு" என்றார்.

அவள் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்க, தமிழில் கேட்டாள்: "அம்மா, உங்கட வரியை என்னெண்டு பாடுறது?"

தாய் யோசித்தார். அவ்வளவு சனத்துக்கு முன்னால், அவசரப்படாமல் யோசித்தார்.

"மூண்டு மாதம் வரேல்லை எண்டு பாடு" என்றார். "அதை மறைக்காதை. அதுக்குப் பிறகு வியாழக்கிழமை எண்டு போடு."